நிறை காணாத பிள்ளையும் ஓட்டை விழுந்த தளமும்

திருகோணமலை மாவட்டத்தில் கைக்குழந்தை உள்ள வீடுகளில் அடையாள அட்டைக்கும் காணி உறுதிக்கும் பக்கத்தில் ஒரு கொப்பியும் பத்திரமாக இருக்கும். பெண்பிள்ளைக்கு இளஞ்சிவப்பு அட்டை, ஆண்பிள்ளைக்கு நீல அட்டை. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு என்பது அதன் அரச பெயர். தாய்மாருக்கு அது கிளினிக் கொப்பி. உள்ளே நிற வலயங்கள் போட்ட ஒரு வரைபு இருக்கும். பிள்ளையைத் தராசில் போட்டு நிறுக்கும் ஒவ்வொரு முறையும் குடும்ப நல உத்தியோகத்தர், ஊர்ப் பேச்சில் மிட்வைஃப், அதில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகள் சேர்ந்து கோடாகும். கோடு பச்சையில் ஏறினால் சிரிப்பார். படுத்துவிட்டாலோ செம்மஞ்சளுக்குள் இறங்கினாலோ, "பிள்ளைக்கு நிறை காணாது" என்பார்.

இணையத்தளம் ஒன்றின் பாதுகாப்பைச் சோதிப்பவரும் வேலை முடிந்ததும் நிறம் போட்ட தாள்களைத்தான் கொடுக்கிறார். கண்டுபிடித்த ஓட்டைகளின் பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் 10க்கு இவ்வளவு என்று ஒரு புள்ளி: 9க்கு மேல் மிகக் கடுமை, 7க்கு மேல் கடுமை, 4க்கு மேல் நடுத்தரம்.

நோய் தெரியாத உடம்பிலும் பிழை தெரியாத தளத்திலும் பலவீனத்தை முன்கூட்டியே தேடிப் பிடிப்பது இரண்டு பேருக்கும் பொதுவான வேலை. கண்டுபிடிக்கும் கருவிகளில் கணினிக்காரர் வெகுதூரம் போய்விட்டார்கள். கண்டுபிடித்ததை விட்டுவிடாமல் திரும்பத் திரும்ப வந்து கேட்பதில் மிட்வைஃப்மார் பல தலைமுறை முன்னால் நிற்கிறார்கள். இந்த இரண்டாவது திறமைக்குத்தான் மதிப்புக் குறைவாகக் கொடுக்கப்படுகிறது என்பது என் எண்ணம்.

அளவுகோல்களை முதலில் பார்த்துவிடலாம். கொப்பியிலுள்ள வளைகோடுகள் உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், நல்ல சூழலில் தாய்ப்பாலில் வளர்ந்த ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை அளந்து தயாரித்தவை. எந்த நாட்டுப் பிள்ளையும் வசதி கிடைத்தால் ஒரே மாதிரி வளரும் என்பது அவற்றின் அடிப்படை. மூதூர்ப் பிள்ளையையும் ஒஸ்லோப் பிள்ளையையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்கும் துணிச்சல் அது. புயக்கட்டில் சுற்றும் நாடாவில் 11.5 சென்ரிமீற்றருக்குக் கீழே வந்தால் சிவப்பு. தளச் சோதனைக்காரரின் 10 புள்ளி முறை 2005இல் வந்தது. இரண்டும் நிபுணர்கள் கூடி ஒப்புக்கொண்ட எல்லைகள்தான். 11.4க்கும் 11.6க்கும் நடுவில் பிள்ளையின் பசி ஒன்றும் மாறிவிடுவதில்லை. ஆனாலும் எல்லை இல்லாவிட்டால் யாருக்கு முதலில் உதவுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

இதற்குமேல் இரண்டு வேலைகளும் பிரிகின்றன. பாதுகாப்பு அறிக்கை என்பது ஒற்றைப் புள்ளி. இன்ன திகதியில் இந்தத் தளம் இப்படி இருந்தது என்பதற்குமேல் அது ஒன்றும் சொல்லாது. அடுத்த மாதம் யாரோ ஒரு புதிய செருகியைச் சேர்ப்பார்; வேலையை விட்டுப் போனவரின் கணக்கு திறந்தபடியே கிடக்கும்; அறிக்கை மட்டும் கோப்பில் அப்படியே இருக்கும். வளர்ச்சி வரைபைப் படிப்பவர் ஒற்றைப் புள்ளியை நம்புவதே இல்லை. பிறப்பிலேயே சிறியதாக இருந்து, கீழ்வரிசையிலேயே ஒழுங்காக ஏறும் பிள்ளையைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. பச்சையின் நடுவில் இருந்தும் மூன்று மாதமாக நிறை ஏறாத பிள்ளைதான் அவர் கண்ணில் படும். இந்த வரைபை மேற்கு நைஜீரியக் கிராமங்களில் உருவாக்கிய டேவிட் மோர்லியின் நுட்பம் இதுதான்: பிள்ளை எங்கே நிற்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பார்ப்பது.

2017இல் அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 14 கோடி 70 இலட்சம் பேரின் விபரங்கள் களவுபோயின. களவு நடந்த ஓட்டை புதியதல்ல. அதை அடைக்கும் திருத்தம் அந்த வருடம் மார்ச்சிலேயே வெளியாகிவிட்டது. ஊடுருவியவர்கள் நுழைந்தது மே மாதத்தில். எச்சரிக்கை உள்ளே சுற்றுக்கு விடப்பட்டது, தேடலும் நடந்தது, ஆனால் அந்த ஒரு வழங்கி கண்ணிலிருந்து தப்பிவிட்டது. 'போன மாசம் சொன்னதைச் செய்தீங்களா' என்று வழங்கி வழங்கியாகக் கேட்கும் ஒருவர் அங்கே இல்லை. சுமார் 3,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இலங்கை மிட்வைஃப்மாரை வைத்திருப்பதே அப்படிக் கேட்பதற்குத்தான். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையிலிருந்து வளர்ந்த ஏற்பாடு அது. கிளினிக்குக்கு வராத தாயின் வீட்டு வாசலில் அவரே போய் நிற்பார்.

இதற்காக நிறுப்பதையே மருந்தாக எண்ணிவிடக் கூடாது. ஆலோசனையும் உணவும் சேராமல் தராசு மட்டும் ஓடிய இடங்களில் பிள்ளைகள் தேறவில்லை என்பதை உலகின் பல நாடுகளின் அனுபவம் காட்டியிருக்கிறது. தாய்மார் வரிசையில் நிற்பார்கள், புள்ளி விழும், திரிபோஷா என்ற அரச சத்துமா பக்கற் கைக்கு வரும், வீட்டுக்குப் போவார்கள். ஓட்டைகளைப் பட்டியலிட்டு அலுமாரியில் பூட்டிவைக்கும் நிறுவனத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

2022இல் நாடு வங்குரோத்தானபோது இரண்டு வேலைகளும் ஒரே சுவரில் போய் முட்டின. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். குடும்ப சுகாதாரப் பணியகத்தின் போசாக்கு மாதக் கணக்கின்படி, ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற நிறை இல்லாதவர்கள் 2021இல் 12.2 வீதமாக இருந்து 2022இல் 15.3 வீதமானார்கள். திரிபோஷாவுக்கு அஃபிளடொக்சின் நச்சு வரம்புக்குள் அடங்கும் சோளம் கிடைக்கவில்லை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கான உற்பத்தியே நின்றது. அடுத்த வருடம், 2023 ஓகஸ்ட் கடைசியில், அரச மேகக் கணினியைப் பணயத் தீநிரல் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் அழிந்தன. தாக்கப்பட்டது 2013ஆம் ஆண்டு மென்பொருள். அதைச் செய்த நிறுவனமே ஏப்ரலில் ஆதரவை நிறுத்திவிட்டது. அதைப் புதுப்பிக்க 2021 முதல் திட்டம் இருந்தது என்றும், பணத் தட்டுப்பாட்டாலும் முந்திய பணிப்பாளர் சபையின் சில முடிவுகளாலும் தள்ளிப்போனது என்றும் அந்த மேகக் கணினிக்குப் பொறுப்பான முகவரகம் விளக்கியது. அந்த மூன்று மாதக் கடிதங்களுக்குத் தனியே பிரதி எடுத்து வைக்கப்படவில்லை.

எட்டு மாதப் பிள்ளைக்கு அதே மூன்று மாதம் என்பது வேறு கணக்கு. மெலிந்த உடம்பில் சதை வைக்கலாம். கவனித்தால் கிழமைக் கணக்கிலேயே தேறும். முதல் ஆயிரம் நாளில் தவறவிட்ட உயரத்தைப் பிறகு முழுதாகப் பிடிப்பது அரிது.

இணையத்தளத்துக்கு எதிரி உண்டு, அவனுக்கு மூளை உண்டு, பூட்டைப் பார்த்து வழியை மாற்றுவான்; பசிக்கு அப்படி எதிரி இல்லை. இந்த இரண்டையும் ஒப்பிட முடியாது என்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் இது. கொழும்பில் இருந்து பார்த்தால் சரியாகத்தான் தெரியும். திருகோணமலையில் பொருந்தாது. 2006 ஓகஸ்ட் 4ஆம் திகதி மூதூரில், பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான அக்ஸியோன் கொந்த்ர் லா ஃபாமின் 17 உள்ளூர்ப் பணியாளர்கள் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் போரால் சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். 2015, 2016இல்தான் காணிகள் திரும்பக் கிடைத்தன. போர்க்காலம் முழுக்க எந்த நேரம் எந்தக் கடலில் வலை போடலாம் என்பதைத் தீர்மானித்தது மீனவன் அல்ல. கொட்டியாரக் குடாவில் மீன் நிறைந்திருக்கக் கரையில் பிள்ளைக்கு மீன் இல்லாமற் போனதற்குப் பின்னால் ஆட்கள் இருந்தார்கள், முடிவுகள் இருந்தன. மறுபக்கம், பெரும்பாலான தளங்களை உடைப்பவர் மகா மூளைசாலிகளும் அல்லர். இணையம் முழுவதையும் துழாவும் தானியங்கி நிரல்கள் பழைய பதிப்புகளைத் தேடிக் கதவு கதவாய்த் தட்டுகின்றன. அதில் வன்மம் ஏதும் இல்லை. மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீரோடு வரும் வயிற்றோட்டம் போல, எது திறந்திருக்கிறதோ அதற்குள் போகும்.

குறையைக் கண்டு சொல்பவரை எப்படி நடத்துகிறோம் என்பது இரண்டு துறைகளுக்கும் பொதுவான கேள்வி. இதில் கணினி உலகம் ஒரு நல்ல வழக்கத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. 1995இலேயே நெற்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியில் பிழை கண்டு சொல்பவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தது. 2016இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களமே வெளியாரை அழைத்து, எங்கள் தளங்களை உடைத்துக் காட்டுங்கள் என்றது. முதலில் உரியவரிடம் தனியே சொல், திருத்த அவகாசம் கொடு, பிறகு வெளியே சொல் என்ற ஒழுங்கு மெல்ல மெல்ல நிலைத்தது. இலங்கைக்கு அது முழுதாக வந்து சேரவில்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றி நுழைவதையே குற்றமாக்குகிறது; நல்லெண்ணத்தோடு கதவைத் தள்ளிப் பார்த்தவருக்கென்று தனி வழி இல்லை. 2016 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சைத் திகதி பிடிக்காமல் சனாதிபதியின் தளத்தில் கோரிக்கை எழுதிவைத்த கடுகண்ணாவைப் பகுதி மாணவனுக்கு வயது 17. அவன் செய்தது சோதனை அல்ல, அத்துமீறல்தான். ஆனால் நாட்டின் தலைவரின் தளம் ஒரு பள்ளிப் பிள்ளைக்குத் திறந்துகொண்டது எப்படி என்ற கேள்வி, அவன் கைதான செய்தியின் அளவுக்குப் பேசப்படவில்லை.

போசாக்கில் நிலைமை இன்னும் மோசம். 2022 செப்டெம்பரில் திரிபோஷாவில் அஃபிளடொக்சின் இருப்பதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கத்தின் தலைவர் பகிரங்கமாகச் சொன்னார். சுகாதார அமைச்சு மறுத்தது. அம்பாந்தோட்டை மாவட்டப் பிள்ளைகளின் போசாக்கு நிலை பற்றி ஊடகங்களில் பேசிய அரச மருத்துவர் ஒருவர் பணி இடைநிறுத்தம் செய்யப்பட்டார். அதே காலத்தில்தான் அரச ஊழியர்கள் சமூக ஊடகங்களில் கருத்துச் சொல்வதைத் தடுக்கும் சுற்றறிக்கையும் வந்தது. அவர்கள் சொன்னது மிகையாக இருந்திருக்கலாம். மிகையென்றால் அளந்து காட்டுவதுதான் மறுப்பு. ஓட்டை இருக்கிறது என்று எழுதியவரை வழக்குப் போட்டு மிரட்டும் நிறுவனங்களைக் கணினி உலகம் இன்று கேலி செய்கிறது. சுகாதாரத் துறையில் அந்தக் கேலி இன்னும் தொடங்கவில்லை.

திருத்தும் வேலைக்கு வந்தால், பாக்குநீரிணைக்கு அக்கரையில் நல்ல பாடம் ஒன்று கிடக்கிறது. 1980இல் உலக வங்கியின் கடனோடு மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்தது. எல்லாருக்கும் அது உணவு கொடுக்கவில்லை. நிறை ஏறாத பிள்ளைக்கு மட்டும், 90 நாளைக்கு மட்டும். அதுவும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாமல், காலையில் நிலையத்திலேயே, ஊட்டச்சத்துப் பணியாளரின் கண்முன்னே சிறு சத்துருண்டை. பல ஊர்களில் அந்த உருண்டையை உருட்டியதும் ஊர்ப் பெண்கள் குழுதான். 90 நாளில் போதிய நிறை ஏறினால் பட்டியலிலிருந்து வெளியே. ஏறாவிட்டால் காரணம் தேடி மேலே அனுப்பு. ஓட்டையைக் கண்டுபிடி, அடை, திரும்பச் சோதி, அடைந்திருந்தால் மூடு என்று பாதுகாப்புச் சோதனையாளர் இன்று பாடமாகப் படிக்கும் சுற்று, எழுத்துக்கு எழுத்து இதுவே. கடும் போசாக்கின்மை அந்த ஊர்களில் குறைந்தது.

இலங்கையின் திரிபோஷா 1973இல் தொடங்கியது. சோளம், சோயா, பால்மா, விற்றமின்கள் கலந்தது. 750 கிராம் பக்கற், மாதத்துக்கு இரண்டு. வீட்டுக்குப் போன திரிபோஷா எப்படி முடியும் என்பது எல்லாருக்கும் தெரியும்: சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்த்து உருண்டை பிடித்தால் மூத்தவர்களும் கேட்பார்கள், பாடசாலை விட்டு வந்த அண்ணன் இரண்டை வாயில் போடுவான். தாயைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பிள்ளைக்கு மட்டும் ஊட்டி மற்றதைப் பார்க்கவைக்கும் மனம் எந்தத் தாய்க்கு வரும்? இந்தக் கசிவை மதுரைத் திட்டம் முன்கூட்டியே கணித்திருந்தது. திரிபோஷா அதைத் தாயின் பொறுப்பில் விட்டுவிட்டது.

மதுரைத் திட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே, 1982 யூலை 1இல், எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். அது எதிர்த் திசை: யார் நிறை காணாது என்று பாராதே, வந்த பிள்ளைக்கெல்லாம் சோறு போடு. செலவு அதிகம், குறி தெளிவில்லை என்றார்கள் பொருளாதாரம் படித்தவர்கள். தேர்ந்தெடுத்து ஊட்டுவதா, எல்லாருக்கும் ஊட்டுவதா என்ற அந்த விவாதம் கணினிப் பாதுகாப்பிலும் அப்படியே இருக்கிறது. ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் பத்துப் பெரிய ஓட்டைகளின் பட்டியலில் 2010, 2013, 2017 ஆகிய மூன்று முறையும் முதலிடம் பிடித்தது தரவுத்தளத்துக்குள் கட்டளையைச் செருகும் தாக்குதல் வகை. 2021இல் அது மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. தளம் தளமாகச் சோதித்துத் திருத்தியது மட்டும் காரணமல்ல. நிரலர்கள் பாவிக்கும் சட்டகங்களே அந்த ஓட்டை விழாதபடி எழுதப்பட்டுவிட்டன. கவனக்குறைவான நிரலர் எழுதினாலும் பெரும்பாலும் தப்பும். 2015 கடைசியில் வந்த லெற்ஸ் என்கிரிப்ட் சேவை, தளங்களுக்கான குறியாக்கச் சான்றிதழை இலவசமாக்கி, தானாகப் புதுப்பித்துக்கொள்ளவும் வைத்தது. தொடக்கத்தில் அந்தச் சான்றிதழின் ஆயுளும் மதுரை உருண்டை போல 90 நாள்தான். இலங்கை 1995இல் உப்புக்கு அயடினைக் கட்டாயமாக்கியது இதே வகை. கழலை உள்ளவரைத் தேடிப்போய் மாத்திரை கொடுத்திருந்தால் இன்றும் கொடுத்துக்கொண்டிருப்போம்.

திருகோணமலைத் துறைமுகத்தின் சீனன்குடாக் கரையில் 1980 முதல் பிறீமா மாவாலை இயங்குகிறது. இங்கே விளையாத கோதுமை கப்பலில் வந்து, இங்கே அரைபட்டு, நாடெங்கும் பாணும் ரொட்டியுமாகப் போகிறது. காலையில் பாணும் சம்பலும் தின்று கிளினிக்குக்கு வரும் பிள்ளையின் வயிறு நிறைந்துதான் இருக்கும்; புள்ளி மட்டும் ஏறாது. இத்தனை பெரிய ஆலையின் ஒற்றை வாயிலில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ப்பதை, ஆயிரம் வீட்டுப் படியேறி ஆலோசனை சொல்வதோடு ஒப்பிட்டால், நான் ஆலை வாயிலைத்தான் முதலில் தெரிவுசெய்வேன். ஆனால் மாவால் முட்டையோ மீனோ ஆக முடியாது. அதற்குப் படியேறத்தான் வேண்டும்.

பாதுகாப்புச் சோதனைக்காரர் போசாக்குக்காரரிடம் கடன் வாங்க வேண்டிய வழிமுறை ஒன்றும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் வியட்நாமின் தன் ஹோவா மாகாணத்தில் ஜெரி ஸ்ரேர்னினும் மொனிக் ஸ்ரேர்னினும் ஒரு கேள்வி கேட்டார்கள்: இந்த ஊரில் எல்லாரையும் போல ஏழையாக இருந்தும் பிள்ளை நன்றாக வளரும் வீடு எது? அந்த வீட்டுத் தாய்மார் வயலில் பொறுக்கிய குட்டி நண்டையும் இறாலையும் வற்றாளைக் கொழுந்தையும் பிள்ளையின் சோற்றில் கலந்துகொண்டிருந்தார்கள். மற்றவர்கள் அவற்றைப் பிள்ளைக்கு ஆகாத சாமான் என்று ஒதுக்கியிருந்தார்கள். வெளியாள் விரிவுரை செய்யவில்லை. அந்தத் தாய்மாரே பக்கத்து வீட்டுக்காரருக்குச் சமைத்துக் காட்டினார்கள். கிண்ணியாவிலும் வெருகலிலும் இதே கேள்வியைக் கேட்டால் விடை வேறாக இருக்கும்: ஆய்ந்து முள் எடுத்த நெத்தலி, பருப்போடு வேகும் முருங்கையிலை, தம்பலகாமத்து எருமைத் தயிர், பயற்றங்கஞ்சி. கடைச் சத்துமா ரின் இல்லாமலே பிள்ளை தேறும் வீடு ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் இருக்கும். அதைத் தேடிப் போகும் வழக்கந்தான் குறைவு.

தளச் சோதனையில் இந்தக் கேள்வியே இல்லை. அங்கே உடைந்ததைத்தான் தேடுவார்கள். காசில்லாமல், கணினிப் பிரிவில்லாமல் பல வருடம் ஒரு சேதமுமின்றி ஓடும் சிறு தளம் எது, ஏன் என்று யாரும் போய்க் கேட்பதில்லை. கேட்டால் சாதாரணமான காரணங்கள் வரும்: தளத்தில் தரவுத்தளம் இல்லை, வெறும் பக்கங்கள்; தேவையற்ற செருகிகள் இல்லை; கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் உண்டு, அவரும் இன்னும் அங்கேயே வேலை செய்கிறார். மாவட்டத்தின் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பாடசாலைகளுக்கும் நூறு பக்க அறிக்கையைவிட இந்தப் பட்டியல் உதவும். சுனாமிக்குப் பின் இங்கே வந்த திட்டங்களின் தளங்களுக்கும் வீட்டுத்தோட்டங்களுக்கும் நேர்ந்த கதியும் ஒன்றுதான். நிதி முடிந்ததும் தோட்டத்தைப் புல் மூடும். முகவரியைப் புதுப்பிக்காவிட்டால் அதைச் சூதாட்டக்காரர் வாங்கிக்கொள்வது உலகெங்கும் நடப்பது.

இரண்டு வேலைகளும் இப்போது ஒரே மேசைக்கு வந்துவிட்டன. ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்க்கும் டி.எச்.ஐ.எஸ்.2 என்ற திறந்த மூல மென்பொருளை இலங்கைச் சுகாதாரத் துறை பல வருடமாகப் பாவிக்கிறது. 2020 சனவரியில் கொரோனாக் கண்காணிப்புக்கு அதை முதலில் வடிவமைத்ததும் இலங்கைதான். தாய் சேய் நலத் தகவல்களும் கொப்பியிலிருந்து திரைக்கு நகர்கின்றன. கொப்பி தொலைந்தால் ஒரு பிள்ளையின் கோடு தொலையும். இடம்பெயர்ந்த சம்பூர்த் தாய்க்கு அதன் வலி தெரியும்; அந்த வகையில் வழங்கி நல்லது. திரை ஓட்டையானால் ஒரு பிரிவின் எல்லாப் பிள்ளையும், எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்ற குறிப்போடு சேர்த்து, வெளியே போகும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கென்று 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஒஸ்லோ வெளியிடும் திருத்தங்களை இங்குள்ள வழங்கியில் ஏற்றவேண்டியது இங்குள்ளவர்களின் வேலை.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஒன்று எழுத்தில் அனுமதி கொடுத்து என்னைக் கூப்பிட்டால், பெரிய கருவி எதையும் நான் முதலில் எடுக்க மாட்டேன். ஒரு மிட்வைஃப்பின் கணக்கில் நுழைந்து, முகவரியில் 1041 என்று முடியும் இலக்கத்தை 1042 ஆக்கி, அடுத்த பிரிவின் பிள்ளை திறக்கிறதா என்று பார்ப்பேன். 2021 பட்டியலில் முதலிடத்துக்கு ஏறிய அனுமதிக் குறைபாடு இதுதான். அடுத்து, இடமாற்றம் பெற்றுப் போனவர்களின் கணக்குகளை ஒவ்வொன்றாகக் கேட்பேன். பிறகு ரப்லெற் தொலைந்தால் யாருக்கு அறிவிப்பது என்று அங்கே எழுதி ஒட்டியிருக்கிறதா என்று. அறிக்கையில் திகதி போட்டு, அடுத்த மாதம் கிளினிக் நாளன்று அதே கேள்விகளோடு திரும்பிப் போவேன்.